‘உள்ளூர் மக்கள்’ பட்டியலில் யார் யார்?

பனிக்காலம் தொடங்கியதும் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கத்துப் பள்ளிகளிலிருந்து பழவேற்காட்டுக்கு வேன்கள் கிளம்பிவிடும். பொன்னேரி தாண்டி உப்புக்காற்று முகத்தில் அடித்ததும் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் ஒட்டிக்கொள்வார்கள். பூநாரை பார்க்கத்தான் இந்தப் பயணம். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி இது, தமிழ்நாடும் ஆந்திரமும் பங்கிட்டுக்கொண்டிருக்கும் நீர், நம் மாவட்டத்துப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம் என்றெல்லாம் ஆசிரியர் சொல்லிக்கொண்டு வருவார். பிள்ளைகளும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள்.

கரையில் இறங்கியதும் கண்ணில் படுகிற இன்னொரு காட்சியைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை. இடுப்பளவு நீரில் சிலர் குனிந்தபடி மெல்ல நகர்ந்துகொண்டிருப்பார்கள். பனையோலையில் பின்னிய பறியின் விளிம்பைப் பல்லால் கவ்வியிருப்பார்கள். இரண்டு கைகளும் நீருக்கடியில் சேற்றைத் துழாவும். அகப்படுகிற இறால் பறிக்குள் விழும். படகு, வலை, இன்ஜின் எதுவும் கிடையாது. இவர்கள் இருளர்கள், பெண்களும் சேர்த்துத்தான். ஒருமுறை என்னுடன் வந்த கல்லூரி மாணவர் ஒருவர் இவர்களைப் பார்த்துவிட்டு, “சார், சரணாலயத்துக்குள்ள இவங்க இறங்கலாமா?” என்று கேட்டார். குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

இயற்கைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இப்போதெல்லாம் ‘உள்ளூர் மக்களின் பங்கேற்பு’ என்று சொல்லாமல் ஒரு கூட்டத்தை முடிப்பதில்லை. 2022 டிசம்பரில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் உலக நாடுகள் கூடி, 2030க்குள் பூமியின் நிலத்திலும் நீரிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்புக்குள் கொண்டுவருவது என்று இலக்கு வைத்தன. பழங்குடிகள், உள்ளூர்ச் சமூகங்கள் ஆகியோரின் உரிமைகளை மதித்தே அதைச் செய்ய வேண்டும் என்று அந்த இலக்கிலேயே எழுதியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் உள்ளூர் மக்கள் என்று ஒரே ஆள் எங்கும் உட்கார்ந்திருக்கவில்லை. ஊர் இருக்கிறது, குப்பம் இருக்கிறது, காலனி இருக்கிறது, இருளர் குடியிருப்பு தள்ளி இருக்கிறது. அதிகாரி ஜீப்பில் வந்து ‘ஊர்ப் பெரியவர்களை’ அழைத்தால் யார் வந்து உட்காருவார்கள், யார் தூரத்தில் நிற்பார்கள் என்பது கிராமத்தில் பிறந்த எவருக்கும் தெரியும்.

பழவேற்காட்டில் இந்தப் பிரிவினை நீருக்குள்ளேயே இருக்கிறது. அதன் பெயர் பாடு. இறால் வரத்து நிறைந்த இடங்கள் பெரும்பாலும் முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டப் பகுதிகள். எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் சண்டை வரும், இறாலும் மிஞ்சாது. அதனால் எந்த நாளில் எந்தக் குப்பத்தார், அவர்களில் யார், எங்கே வலை கட்டுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கும் ஏற்பாடு இது. அரசு இல்லாமலேயே மக்கள் ஒரு நீர்நிலையைப் பங்கிட்டுக் காத்ததற்கு உதாரணமாக, பாடு முறையைப் பற்றி வெளிநாட்டு ஆய்வாளர்கள்கூட எழுதியிருக்கிறார்கள். அந்தப் பாராட்டில் உண்மையும் உண்டு. ஆனால் பாட்டில் பங்கு பிறப்பால் வருகிறது. பட்டினவர் சமூகத்தின் குறிப்பிட்ட குப்பங்களில் பிறந்த ஆண்களுக்குத்தான் அது. ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தாலும் தலித்துக்குப் பாடு கிடையாது, இருளருக்கும் கிடையாது. மற்றவர்கள் வலை கட்டாத இடத்தில், கட்டாத நேரத்தில், கையாலோ சிறு வலையாலோ கிடைப்பதை எடுத்துக்கொள்ளலாம். பாடு என்ற சொல்லுக்குத் தமிழில் துன்பம் என்றும் பொருள் உண்டு. அந்தப் பொருளில் மட்டும் இவர்களுக்கும் பங்கு கிடைத்திருக்கிறது.

பட்டினவர் மீனவர்கள் மாடி வீட்டில் வாழும் செல்வந்தர்கள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். முகத்துவாரம் மணலால் அடைபட்டால் கடல்நீர் ஏரிக்குள் வருவது நின்றுபோகும், இறால் குஞ்சு வராது, அவர்கள் அடுப்பும் எரியாது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கும் மேலாக விரிவாக்கும் அதானி குழுமத்தின் திட்டத்தை எதிர்த்து முன்னணியில் நின்றவர்களும் அவர்கள்தான். அதற்கு இந்த மாவட்டமே நன்றி சொல்ல வேண்டும். அந்த நன்றியை வைத்துக்கொண்டே, பாட்டில் ஏன் எங்களுக்கு இடமில்லை என்றும் கேட்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று சொல்பவர்கள், தலித்துகள் எப்போது வாய் திறந்தாலும் ‘இப்போது வேண்டாம், ஒற்றுமை கெடும்’ என்பவர்கள்தான்.

ஆக, கையால் மீன் பிடிப்பவருக்கு முதல் வேலி சாதி. இரண்டாவது வேலி சட்டம். அதிலும் உள்ளே இருப்பதை வாசித்தால் நமக்குச் சாதகமானதும் கிடைக்கிறது. மாணவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. ஓரிடத்தைச் சரணாலயம் என்று அறிவித்தால் அங்கே ஏற்கெனவே யாருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று ஆட்சியர் விசாரித்து முடிவு செய்ய வேண்டும். 19ஆம் பிரிவிலிருந்து 25ஆம் பிரிவு வரை அதைத்தான் சொல்கின்றன. 21ஆம் பிரிவின்படி சரணாலயத்திலும் சுற்றியும் உள்ள ஊர்களில் அந்த வட்டார மொழியில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். உரிமை கோருபவர் இரண்டு மாதத்துக்குள், குறிப்பிட்ட படிவத்தில், எழுத்துமூலம் கோர வேண்டும். படிவம், கெடு, எழுத்து என்ற மூன்றும் யாருக்கு எளிது? பட்டா வைத்திருப்பவர் அதோடு மனு கொடுப்பார். சங்கம் வைத்திருப்பவர் சங்கத் தாளில் கொடுப்பார். சாதிச் சான்றிதழ் வாங்கவே வருடக்கணக்கில் அலுவலகப் படியேறும் இருளர் குடும்பம், ‘என் பாட்டி இந்தச் சேற்றில் இறால் தடவினாள்’ என்பதை எந்தத் தாளில் கொண்டுபோய்க் கொடுக்கும்?

ஆனால் அடுத்த பிரிவை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. 22ஆம் பிரிவு, கோரப்படாத உரிமைகளையும் ஆட்சியர் விசாரிக்க வேண்டும் என்கிறது. அரசு ஆவணங்களிலிருந்தும், விவரம் அறிந்த எந்த நபரின் சாட்சியத்திலிருந்தும் தெரிய வரும் உரிமைகளை அவர் பதிவு செய்யலாம். மனு வரவில்லை, ஆகவே உரிமை இல்லை என்று கோப்பை மூட முடியாது. 24ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்துகொண்டு, ஓர் உரிமை சரணாலயத்துக்குள்ளேயே தொடரலாம் என்றும் ஆட்சியர் அனுமதிக்கலாம். “இவங்க இறங்கலாமா?” என்று கேட்ட மாணவருக்கான பதில் இங்கே இருக்கிறது. விசாரித்து எழுதினால், இறங்கலாம். எழுதாமல் விட்டால், காவலரின் தயவில் இறங்கலாம். தயவு என்பது அடுத்த அதிகாரி மாறும்வரைதான்.

2006இன் வன உரிமைச் சட்டமும் இருக்கிறது. வனநிலம் என்ற அதன் விளக்கத்துக்குள் சரணாலயங்களும் வருகின்றன. நீர்நிலைகளிலுள்ள மீன் முதலியவற்றின் மீதான சமூக உரிமையை அது பெயர் சொல்லியே அங்கீகரிக்கிறது. ஆவணம் இல்லாதவருக்காக, ஊரின் மூத்தவர்கள் சொல்வதை எழுதிச் சாட்சியமாக ஏற்கலாம் என்று அதன் விதிகளும் சொல்கின்றன. இருளர் பட்டியல் பழங்குடியினர் என்பதால் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அங்கு வாழ்ந்து அதை நம்பியிருந்தார்கள் என்று காட்டினால் போதும். தலித்துகளின் நிலை வேறு. சட்டத்தில் அவர்கள் ‘பிற பாரம்பரிய வனவாசிகள்’. மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். ஊர்க் கணக்கில் பெயர் ஏற விடாமல் வைக்கப்பட்டிருந்த மக்களிடம் 75 ஆண்டுக் கணக்கைக் கேட்பது எப்படி என்று இந்தச் சட்டத்தை எழுதியவர்களிடம் இன்றும் கேட்கலாம். நாடு முழுக்க இந்த நிபந்தனையில் அடிபடுபவர்களில் தலித்துகள் ஏராளம். இருளர் பிரச்சினையைத் தலித் பத்தியில் எழுதுவது ஏன் என்று யாராவது கேட்டால் இதையும் சொல்லலாம். பட்டியல் வேறாக இருக்கலாம், வெளியே நிறுத்தி வைக்கும் கை ஒன்றுதான்.

மனிதரை வெளியேற்றினால் பறவை பிழைக்கும் என்று நம்பியவர்களுக்கு ராஜஸ்தானின் பரத்பூர் ஒரு பாடம். புகழ்பெற்ற அந்தப் பறவைகள் சரணாலயத்தில் 1982இல் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்தார்கள். எதிர்த்த கிராமத்தார் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. பிறகு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் ஆய்வு வேறொன்றைக் கண்டது. எருமை மேயாததால் ஒருவகைப் புல் நீர்ப்பரப்பையே மூடிக்கொண்டது, பறவைகளுக்குத் திறந்த நீர் குறைந்துபோனது. எருமை அங்கே பறவைக்கு எதிரியாக இருக்கவே இல்லை.

நம் பக்கத்தில் வேடந்தாங்கலை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்மக்கள் ஆட்சியர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்பு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதால் அவர்களுக்குப் பறவை வேண்டியிருந்தது. நல்ல கதை. ஆனால் உரம் போய்ச் சேர்ந்தது வயல் வைத்திருந்தவருக்கு. அந்த வயலில் நாற்று நட்டவர்களுக்குப் பறவையால் என்ன கிடைத்தது என்பது அந்தக் கதையில் இல்லை. நமது அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு ஏரிகளைப் பார்க்கும்போதும் எனக்கு இது தோன்றும். தமிழ்நாட்டின் பல ஊர்களில் மதகு திறந்து, மடை பார்த்து, மழை இரவில் கரையில் நின்றவர் சேரியிலிருந்து வந்த நீர்க்கட்டி. ஏரிநீரில் பங்கு, நிலம் வைத்திருந்தவருக்கு. நீர்க்கட்டிக்குக் களத்தில் அளந்து போட்ட நெல். இன்று ஏரிக்கரைகள் நடைபாதையும் பூங்காவுமாக மாறும்போது அவருக்கு அந்த நெல்லும் இல்லை.

பூந்தமல்லிக்காரர்களுக்கு இன்னொன்றை விளக்கத் தேவையில்லை. கூவத்தைச் சீரமைக்கிறோம் என்று சென்னைக்குள் கரையோரம் இருந்த குடும்பங்களை அப்புறப்படுத்தியபோது, ஒரு பகுதியினரைக் கொண்டுவந்து இறக்கியது திருமழிசைப் பக்கத்துக் கூடப்பாக்கத்தில்தான். மாநகரின் சாக்கடையெல்லாம் கலந்து செத்த ஆற்றுக்கு, அதன் கரையில் குடிசை போட்டவரே குற்றவாளி ஆனார். ஆறு, ஏரி, காடு எதைக் காப்பாற்றக் கிளம்பினாலும் முதலில் நகர்த்தப்படுவது யார் என்பதில் மட்டும் மாற்றமே இல்லை.

பழவேற்காட்டுக் கைமீனவரை நகர்த்தினால் அவர் எங்கே போவார்? இதற்கும் பதில் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலும், செங்குன்றம் பகுதி அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்கு அடிமைப்பட்டு, பிறகு அதிகாரிகளால் மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களின் செய்தியை இதே நாளிதழில் படித்திருப்பீர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. சட்டம் வந்தும் முன்பணம் ஏன் வாங்குகிறார்கள் என்றால், மழைக்காலத்தில் வீட்டில் அரிசி இல்லாததால். இறால் தடவக் கிடைக்கிற நாளில் அந்தக் குடும்பம் சூளைக்காரரின் வாசலுக்குப் போக வேண்டியதில்லை. மாலையில் பறியோடு கரையேறி, விற்று, அரிசி வாங்கிவிடலாம். ஏரியில் இறங்கக் கூடாது என்று சொல்லும் ஒரு பலகை பத்துக் குடும்பங்களைச் சூளைக்கு அனுப்பி வைக்கும். பலகை நட்டவருக்கு அது தெரியக்கூட வராது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தபோது, அரசு குடும்பங்களுக்கு நிவாரணமும் பாதிக்கப்பட்ட படகுகளுக்குத் தனித் தொகையும் அறிவித்தது. படகுக்குக் கொடுத்தது சரி. கையால் மீன் பிடிப்பவருக்கு அவர் உடம்புதான் படகு. எண்ணெயும் சாம்பலும் கலந்த சேற்றில் கழுத்தளவு இறங்குபவர் அவர்தான். அந்தத் தோலில் வரும் புண்ணுக்கு எந்தப் பட்டியலில் எவ்வளவு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தொழிற்சாலைக் கழிவைத் தடுக்காத சரணாலய நிர்வாகம், பறி கவ்விய பெண்ணைத் தடுப்பதில் மட்டும் கண்டிப்பு காட்டினால் அதற்குப் பெயர் பாதுகாப்பு ஆகாது.

வேறு வழி இல்லையா என்றால், இருளர்களே அதைக் காட்டியிருக்கிறார்கள். பாம்புத் தோல் வணிகம் 1970களில் தடை செய்யப்பட்டபோது பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர்களின் பிழைப்பு ஒரே நாளில் குற்றமானது. 1978இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் அவர்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷம் எடுத்து, மீண்டும் காட்டிலேயே விடுவது அதன் வேலை. பாம்புக்கடிக்கு மருந்து தயாரிக்க நாடு நம்பியிருப்பது அந்த விஷத்தைத்தான். 2023இல் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சட்டம் குற்றவாளியாக்கிய அதே திறமை, உரிமம் கொடுத்ததும் நாட்டுக்கே பயன்பட்டது. சிலிகாவில் மங்களாஜோடி என்ற ஊரில் பறவை வேட்டையாடியவர்களே இன்று பறவைக் காவலர்கள், படகில் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகள். எந்தச் சேற்றில் எந்த மாதம் எந்தப் பறவை இறங்கும் என்பது பழவேற்காட்டு இருளருக்கும் தெரியும். சரணாலயத்தில் காவலர், கணக்கெடுப்பவர், வழிகாட்டி வேலைகளில் முதல் உரிமை அவர்களுக்கும் ஏரிக்கரைத் தலித் இளைஞர்களுக்கும் தரப்பட வேண்டும். அதுவும் தினக்கூலியாக வேண்டாம், நிரந்தரப் பணியாகவே.

ஆனால் வேலை கொடுத்துவிட்டு உரிமையை மறக்கச் சொல்லக் கூடாது. உரிமைதான் முதலில். மகத் குளம் தீண்டப்படாதோருக்கும் திறந்திருக்கிறது என்று நகராட்சி 1924இலேயே தீர்மானம் போட்டுவிட்டது. அந்த நீரை அள்ளிக் குடிக்க 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து போக வேண்டியிருந்தது. அங்கே தாளில் இருந்தது நீரில் இல்லை. பழவேற்காட்டில் தலைகீழ். மக்கள் நீரில் இருக்கிறார்கள், தாளில் இல்லை.

தாளில் இல்லாதவர்களை ஆட்சியர் ஒருவர் தேடிப் போய் எழுதிய வரலாறும் இதே மண்ணில் உண்டு. ஆவடி, பூந்தமல்லி, பொன்னேரி எல்லாம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த காலம். 1891இல் ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்கீர், அந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையை எழுதி அரசுக்கு அனுப்பினார். 1892இல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்ததற்கு அந்த அறிக்கையே காரணம். யாரும் அவரிடம் படிவம் நிரப்பிக் கொடுக்கவில்லை. இன்றைய ஆட்சியருக்கு அப்படி எழுதுவதற்குச் சட்டத்தின் 22ஆம் பிரிவே துணை நிற்கிறது. உரிமை விசாரணை முகாமைப் பொன்னேரி அலுவலகத்திலோ குப்பத்துக் கோயில் வாசலிலோ நடத்தாமல், இருளர் குடியிருப்பிலும் காலனியிலும் நடத்த வேண்டும். பெண்களின் பெயரையும் தனியாக எழுத வேண்டும், குடும்பத் தலைவர் பெயரில் அவர்கள் கரைந்துபோகக் கூடாது. சரணாலயத்துக்கென எந்தக் குழு அமைந்தாலும் கைமீனவருக்கு அதில் இடம் வேண்டும். அரசு அங்கீகரிக்கும் உரிமைப் பட்டியலில் பாடும் இருக்கட்டும். ஆனால் பாடு மட்டுமே ‘மரபு’ என்று எழுதப்பட்டால், சாதி வகுத்த எல்லைக்கு அரசு முத்திரை குத்தியதாகிவிடும்.

சட்டம் சொல்லும் ‘விவரம் அறிந்த எந்த நபரும்’ என்ற சொல்லில் கல்லூரி மாணவரும் அடக்கம். இந்தப் பருவத்தில் பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் பூநாரையை எண்ணி முடித்த பிறகு ஒரு மணி நேரம் கரையில் இருங்கள். தண்ணீரிலிருந்து ஏறி வரும் அக்காவிடம் அனுமதி கேட்டுப் பேசுங்கள். எந்தெந்த மாதம் எந்த இடத்தில் இறங்குகிறார், யார் கற்றுக்கொடுத்தது, அம்மாவும் பாட்டியும் எங்கே இறங்கினார்கள், எந்த ஆண்டு முதல் யார் தடுத்தார்கள் என்று அவர் சொல்வதைத் தேதியோடு எழுதி, வாசித்துக் காட்டி, அவர் சம்மதத்தோடு கைநாட்டு வாங்குங்கள். ஒரு நகலை அவரிடமே கொடுத்துவிட்டு, இன்னொன்றை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.